ஒருவர் பெயரில் இருவர்: ஓய்வுக்காலத்தின் நீண்ட அயல்நாட்டு வாசம்

பணி ஓய்வு பெற்ற தம்பதி ஒருவர் அயல்நாட்டில் ஆறு மாதமோ ஓராண்டோ அதற்கு மேலோ தங்குவது சுற்றுலாக் கணக்கிலும் வராது, குடிபெயர்வுக் கணக்கிலும் வராது. சுற்றுலாப் பயணிக்குத் திரும்பும் தேதி கண்முன்னே இருப்பதால், அதுவரை துணி துவைக்காமலும் பல்வலியைப் பொறுத்துக்கொண்டும் அவர் காலத்தை ஓட்டிவிடலாம். குடிபெயர்ந்தவரை வேலை, பிள்ளைகளின் பள்ளி, வீட்டுக்கடன் ஆகியவை அந்த நாட்டோடு கட்டிப்போட்டிருக்கும். நீண்ட நாள் தங்க வந்த முதியவர்களுக்கு இரண்டு வசதியும் கிடையாது. அவர்கள் முடி வெட்டிக்கொள்ள வேண்டும், மின்கட்டணம் செலுத்த வேண்டும், ஒழுகும் குழாய்க்கு ஆள் பிடிக்க வேண்டும். ஆனால் காலையில் அவர்களை எதிர்பார்த்து எந்த அலுவலகமும் வகுப்பறையும் காத்திருப்பதில்லை.

இந்த வாழ்வைத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் எந்த நாடு, மாதம் எவ்வளவு செலவாகும் என்ற இரண்டு கேள்விகளையே எழுப்புகிறார்கள். இரண்டும் அவசியமான கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கு முன்பாகவே கேட்கப்பட வேண்டிய ஒன்று உண்டு என்று நான் கருதுகிறேன்: கணவன், மனைவி இருவரில் ஒவ்வொருவரும், மற்றவர் துணையின்றி, அங்கே ஒரு நாளை முழுதாக நடத்த முடியுமா? விசா விதி, மருந்துக்கடை, வங்கி, கைப்பேசி, சமையலறை என்று அன்றாடத்தின் எந்தப் பகுதியைத் தொட்டாலும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

அயல்நாட்டு முதியவர்களை வரவேற்று ஓய்வூதியப் பணத்தைத் தம் பொருளாதாரத்துக்குள் கொண்டுவரும் எண்ணம் அரசுகளுக்குப் புதிதன்று. பிலிப்பைன்ஸ் 1985இல் இதற்கென்றே தனி ஆணையம் ஒன்றை அமைத்தது. 1986இல் ஜப்பான் எதிர்த்திசையிலிருந்து யோசித்தது. தன் நாட்டு முதியவர்கள் ஓய்வுக்காலத்தை வெளிநாடுகளில் கழிக்க வழிசெய்யும் ‘சில்வர் கொலம்பியா’ என்ற திட்டத்தை அதன் தொழில் வணிக அமைச்சகம் அறிவித்தபோது, ‘முதியவர்களை ஏற்றுமதி செய்யப் பார்க்கிறீர்களா’ என்ற கண்டனம் எழுந்தது. பிறகு நிரந்தரமாகப் போய்விடுவதைப் பற்றிய பேச்சு அடங்கி, சில மாதங்கள் தங்கித் திரும்பும் ‘லாங் ஸ்டே’ என்ற சொல் ஜப்பானில் வேரூன்றியது. 1992இல் அதற்கென ஓர் அறக்கட்டளையும் தோன்றியது. மலேசியா 2002இல் ‘மலேசியா என் இரண்டாம் இல்லம்’ திட்டத்தைத் தொடங்கியது. மலேசியாவின் குளிர்ந்த கேமரன் மலையும் தாய்லாந்தின் சியாங் மாயும் ஜப்பானிய முதியவர்களின் தங்குமிடங்களாக ஆன பின்னணி இதுதான். தாய்லாந்து 50 வயதிலிருந்தே ஓய்வுக்கால அனுமதி தருகிறது. பனாமாவில் வாழ்நாள் முழுதும் மாதம் 1,000 டாலர் ஓய்வூதியம் வரும் என்று காட்டினால் போதும். உடன் வரும் துணைக்காக 250 டாலர் கூடுதலாகக் காட்ட வேண்டும். ஓய்வூதியம், வாடகை போன்ற வருமானத்தில் வாழ்வோருக்கான போர்ச்சுகலின் டி7 விசாவில் விண்ணப்பதாரர் அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதிய அளவுக்கு வருமானம் காட்ட வேண்டும், துணைக்காக அதில் பாதியைச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

இந்த எண்களில் ஒரு செய்தி இருக்கிறது. ஓய்வூதியம் யார் பெயரில் வருகிறதோ அவர் முதன்மை விண்ணப்பதாரர், மற்றவர் ‘சார்ந்தவர்’. அறுபது வயதைக் கடந்த தலைமுறையில் ஓய்வூதியம் பெரும்பாலும் கணவன் பெயரில் இருப்பதால், சார்ந்தவர் என்ற கட்டத்தில் எழுதப்படுவது அநேகமாக மனைவியின் பெயர்தான். காகிதத்தில் ஒரு சொல்லாகத் தோன்றும் இது, அங்கே போய் இறங்கியபின் வீட்டுக்குள்ளும் மெல்ல நுழைந்துவிடுகிறது. வாடகை ஒப்பந்தம் கணவன் பெயரில், வங்கிக் கணக்கு அவர் பெயரில், இணைய இணைப்பு அவர் பெயரில், வீட்டு உரிமையாளர் அழைப்பதும் அவருடைய எண்ணுக்கு. சொந்த ஊரில் நாற்பது ஆண்டுகள் வீட்டை நடத்தியவர், எந்தக் கடையில் எது நல்லது, எந்த மருத்துவர் பொறுமையானவர், எந்தப் பேருந்து எங்கே நிற்கும் என்றெல்லாம் அறிந்திருந்தவர், இங்கே தன் பெயரில் ஒரு தபால்கூட வராத விருந்தாளியாகிவிடுகிறார்.

நேர்மாறாக நடக்கும் வீடுகளும் உண்டு. கடைத்தெருவிலும் அண்டை வீட்டு வாசலிலும் பேசிப் பழகி உள்ளூர் மொழியை மனைவி விரைவாகப் பிடித்துக்கொள்ள, அலுவலக மொழியிலேயே வாழ்ந்து பழகிய கணவன் வாய் திறக்கக் கூசி வீட்டோடு அடைந்துவிடுவார். யார் முன்னே, யார் பின்னே என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் ஒருவர் வாயிற்காவலராகவும் மற்றவர் உள்ளே இருப்பவராகவும் பிரிந்துவிடும் போக்கு மட்டும் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் தலைகாட்டுகிறது. திறமையாகச் செய்பவரே அந்த வேலையைச் செய்துவிடட்டும் என்று முதல் மாத அவசரத்தில் எடுக்கும் முடிவு, யாரும் கவனிக்காமலேயே நிலையான ஏற்பாடாகிவிடுகிறது.

முதல் சில வாரங்களில் இது வெளியே தெரியாது. அந்த வாரங்கள் வேலைகளால் நிரம்பியவை: குடிவரவு அலுவலகத்தில் பதிவு, சிம் அட்டை, பாத்திரங்கள், தலையணை உறை, குப்பையை எந்தக் கிழமையில் எந்தப் பையில் போடுவது என்று தெரிந்துகொள்வது. இருவரும் சேர்ந்தே அலைகிறார்கள், களைத்துத் தூங்குகிறார்கள். வீடு ஒழுங்கான பிறகு வரும் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில்தான் உண்மையான தங்கல் தொடங்குகிறது. காலை ஒன்பது மணிக்குள் சிற்றுண்டியும் முடிந்து, பாத்திரமும் கழுவியாகிவிட்டது. ஊரில் பார்க்க வேண்டியவற்றைப் பார்த்தாகிவிட்டது. பேரப்பிள்ளைகள் இருக்கும் நாட்டில் இன்னும் நள்ளிரவு. மேசையின் இரு பக்கமும் இருவர் அமர்ந்திருக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு இன்னும் பத்து மணி நேரம் இருக்கிறது.

அயல்நாட்டு வாழ்வுக்கு மனிதர் பழகுவதைப் பற்றிய ஆய்வுகளில் முன்னோடியாகக் கருதப்படுவது, நார்வே நாட்டுச் சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955இல் வெளியிட்டது. அமெரிக்காவுக்குப் படிக்கவும் ஆய்வு செய்யவும் போய்த் திரும்பிய 200 நார்வேயர்களை அவர் ஆராய்ந்தார். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்கு பொருந்தியிருந்தார்கள், இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் இருந்தவர்கள்தான் தடுமாறினார்கள் என்று கண்டார். தொடக்கத்தில் உற்சாகம், நடுவில் சரிவு, பிறகு மீட்சி என்ற அந்த வளைவு எல்லாருக்கும் பொருந்துவதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் நம் பொருளுக்கு இன்னொரு வேறுபாடு முக்கியமானது. அந்த 200 பேருக்கும் போய்ச் சேர ஒரு நிறுவனம் இருந்தது. சரிவு வந்தாலும் மறுநாள் காலையில் கிளம்பிப் போக ஓர் இடம் இருந்தது. ஓய்வு பெற்றவருக்கு அந்தச் சரிவில் கையூன்றி எழ ஒரு பிடிமானம் வெளியிலிருந்து கிடைப்பதில்லை. அவருக்கு இருக்கும் ஒரே பிடிமானம் எதிரே அமர்ந்திருக்கும் துணைதான். அவரும் அதே சரிவில் இருக்கிறார்.

அமெரிக்க மனநல மருத்துவர்கள் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே இருவரும் 1967இல் வெளியிட்ட வாழ்க்கை மாற்றங்களின் அளவுகோல் இங்கே உதவும். துணையின் மரணத்துக்கு 100 புள்ளி என்று வைத்துக்கொண்டு, 43 நிகழ்வுகளுக்கு அதனோடு ஒப்பிட்டுப் புள்ளி தந்தார்கள். பணி ஓய்வுக்கு 45. விடுமுறைக்கு வெறும் 13. நீண்ட அயல்நாட்டு வாசத்துக்கென்று தனி வரி அதில் இல்லை. ஆனால் அதன் உறுப்புகள் பட்டியல் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன: வாழ்நிலை மாற்றம் 25, குடியிருப்பு மாற்றம் 20, பொழுதுபோக்கில் மாற்றம் 19, பழகும் வட்டத்தில் மாற்றம் 18, உறக்கத்தில் மாற்றம் 16, குடும்பக் கூடல்களின் எண்ணிக்கையில் மாற்றம் 15, உணவுப் பழக்கத்தில் மாற்றம் 15. கூட்டினால் 128 வருகிறது. ‘நீளமான விடுமுறைதானே’ என்று கிளம்புகிறவர்கள் 13ஐ எதிர்பார்த்துப் போய் அதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கைச் சந்திக்கிறார்கள் என்பது இந்தக் கூட்டலின் பொருள். அளவுகோல் பழையது, எல்லா மனிதருக்கும் ஒரே புள்ளி தருவது அதன் குறை. இருந்தும், ஓய்வு பெற்ற அதே ஆண்டில் அயல்நாட்டுக்குக் கிளம்ப வேண்டாம், முதலில் ஓய்வுக்குப் பழகுங்கள் என்று என் நண்பர்களிடம் நான் சொல்லத் துணிவது இந்த எண்களைப் பார்த்த பிறகுதான்.

ஓய்வு பெற்ற கணவன் நாள் முழுதும் வீட்டிலேயே இருப்பதால் மனைவிக்கு வரும் தலைவலி, தூக்கமின்மை, வயிற்றுக் கோளாறு ஆகியவற்றை ஜப்பானிய மருத்துவர் நொபுவோ குரோகாவா 1990களின் தொடக்கத்தில் ‘ஓய்வு பெற்ற கணவர் நோய்க்குறி’ என்று பெயரிட்டு விவரித்தார். அவர் பேசியது சொந்த நாட்டில், சொந்த வீட்டில் இருந்த பெண்களைப் பற்றி. அவர்களுக்காவது தோழி வீடு இருந்தது, அக்கா தங்கையிடம் தொலைபேசியில் புலம்ப ஒரு பொதுவான பகல்பொழுது இருந்தது. அயல்நாட்டில் அந்தக் கதவுகளும் கிடையாது. சிறிய அடுக்ககத்தில் இருவரும் இருபத்து நான்கு மணி நேரமும் ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டுக்கொண்டிருக்க, பேசுவதற்குரிய செய்திகளும் இருவருக்கும் ஒன்றாகவே நடந்தவையாக இருக்கும். மாலையில் ‘இன்று என்ன நடந்தது தெரியுமா’ என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்ல ஏதேனும் இருக்க வேண்டுமென்றால், பகலில் அவர்கள் தனித்தனியே எங்காவது போயிருக்க வேண்டும்.

உடல்நலத்துக்கு வருவோம், ஏனென்றால் சார்ந்திருத்தலின் ஆபத்து அங்கேதான் வெளிப்படையாகத் தெரிகிறது. ஒரு காட்சியை நெருங்கிப் பார்க்கலாம். கொண்டுவந்த சர்க்கரை அளவுக் கருவி பழுதாகி, கணவன் உள்ளூர் மருந்துக்கடையில் புதிதாக ஒன்று வாங்கி வருகிறார். மறுநாள் காலை வெறும் வயிற்றில் மனைவி விரலைக் குத்திப் பார்க்கிறார். திரையில் 6.8 என்று வருகிறது. பல ஆண்டுகளாக 120, 140 என்றே பார்த்துப் பழகிய கண். கருவி கெட்டுவிட்டதா, தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதா என்று கை நடுங்குகிறது. உண்மையில் ஒன்றும் ஆகவில்லை. சில நாடுகள் சர்க்கரையை டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்றவை லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்றும் அளக்கின்றன. பின்னதை 18ஆல் பெருக்கினால் முன்னது கிடைக்கும். 6.8 என்பது ஏறத்தாழ 122தான். இந்தப் பெருக்கலை அறிந்தவர் பக்கத்தில் இல்லாத ஒரு காலையில் 18 என்று வந்தால், அது 324 என்று தெரியாமல், ‘முன்பைவிடக் குறைந்திருக்கிறது’ என்று நிம்மதியடைந்துவிடும் வாய்ப்பும் உண்டு. கருவியின் பெட்டி மேல் இந்தக் கணக்கை மனைவியின் கையெழுத்திலேயே எழுதி ஒட்டிவைப்பதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும்.

மருந்தின் பெயரும் இப்படித்தான் நாடு மாறினால் மாறும். பாராசிட்டமால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அசிட்டமினோஃபென். மூச்சிரைப்புக்கான சால்பியூட்டமால் அமெரிக்காவில் ஆல்பியூட்டரால். இதைவிட அபாயமானது, ஒரே வணிகப் பெயர் இரு நாடுகளில் இரு வேறு மருந்துகளைக் குறிப்பது. ஃப்ளோமாக்ஸ் என்பது அமெரிக்காவில் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கு முதிய ஆண்கள் உட்கொள்ளும் டாம்சுலோசின். இத்தாலியில் அதே பெயரில் விற்கப்பட்டது அழற்சிக்கான வேறொரு மருந்து என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரித்தது. எனவே மருந்துப் பட்டியலை வணிகப் பெயரால் எழுதாமல் மூலப்பெயராலும் அளவாலும் எழுதிவைக்க வேண்டும். கொண்டுபோகும் அளவுக்கும் வரம்பு உண்டு: ஜப்பானுக்குள் மருத்துவர் எழுதித் தந்த மருந்தைப் பொதுவாக ஒரு மாதத்துக்கு மட்டுமே முன்னனுமதியின்றி எடுத்துச் செல்லலாம், சளி மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதற்கு அங்கே இடமில்லை. பெரும்பாலான வீடுகளில் இருவரின் மாத்திரைகளையும் ஒருவரே நிர்வகிக்கிறார். அந்த ஒருவர் மயங்கி விழுந்து, அவசர ஊர்தியில் வந்தவர் ‘இவர் என்ன மருந்து சாப்பிடுகிறார்’ என்று கேட்டால், பதில் சொல்லக்கூடிய ஒரே நபர் தரையில் கிடப்பவராக இருந்துவிடக் கூடாது.

காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் வயதுக்கும் விலக்கு உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை அனைவரும் அறிவார்கள். அமெரிக்க முதியவர்கள் தம் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பொதுவாக நாட்டெல்லையைத் தாண்டாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தது நாள் கணக்கு. தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில், நீண்டகால அனுமதி இல்லாதவர்கள் எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாட்களுக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த 180 நாள் நகரும் சாளரம் போன்றது. ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும், நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். ஜனவரி 1இல் நுழைந்து மார்ச் 31 வரை தொடர்ந்து இருந்தவருக்கு, அது லீப் ஆண்டாக இல்லாவிட்டால், 90 நாளும் முடிந்துவிடும். மறுபடி நுழையக்கூடிய முதல் நாள் ஜூன் 30. முன்பெல்லாம் முத்திரைகளைப் புரட்டி எண்ணிய கணக்கை 2025 அக்டோபர் 12 முதல் மின்னணுப் பதிவுமுறை படிப்படியாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. தாய்லாந்தில் நீண்டகால அனுமதி பெற்றவர்கள் 90 நாளுக்கு ஒருமுறை தம் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். 183 நாள் ஒரே நாட்டில் கழித்தால் வரி விதிப்பில் அந்நாட்டவராகக் கருதப்படும் விதி பல நாடுகளில் இருக்கிறது. ஓய்வூதியம் தடைபடாமலிருக்க ஆண்டுதோறும் தரவேண்டிய உயிர்வாழ் சான்றுக்கும் ஒரு மாதம் உண்டு. இந்தியாவின் மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு அது பொதுவாக நவம்பர்.

இவை அனைத்தையும் ஒருவரே தம் நாட்குறிப்பில் வைத்திருக்கிறார் என்பதுதான் கவலைக்குரியது. இந்த விதிகள் தம்பதியை ஒரு அலகாக எண்ணுவதில்லை. ஓர் உறவினர் திருமணத்துக்காக மனைவி மட்டும் இரண்டு வாரம் ஊருக்குப் போய் வந்தால், அன்றிலிருந்து இருவரின் நாட்களும் வெவ்வேறு. கணவனின் கணக்கை வைத்துக்கொண்டு ‘நமக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது’ என்று சொல்வதில் ‘நமக்கு’ என்ற சொல் பிழையாகிவிடும். கடவுச்சீட்டு இரண்டு என்றால் கணக்கும் இரண்டு; ஒவ்வொருவரும் தம்முடையதைத் தாமே எண்ணத் தெரிந்திருக்க வேண்டும்.

கைப்பேசியும் அப்படியே. சொந்த நாட்டு வங்கியின் ஓடிபி ஒரே ஓர் எண்ணுக்கு வருகிறது. அந்த எண்ணுள்ள சிம் கணவனின் பழைய கைப்பேசியில், அலமாரிக்குள், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. நீண்ட நாள் பயன்படுத்தாததால் அந்த எண் முடக்கப்பட்டால் ஓய்வூதியக் கணக்கே கைக்கெட்டாமல் போகும். அவர் மருத்துவமனையில் படுத்திருக்கும் நாளில் திரைப்பூட்டின் எண் மனைவிக்குத் தெரியாவிட்டால், பணம் இருந்தும் முன்பணம் கட்ட முடியாத நிலை வரும். வயதான ஒரு பெண்மணி வேற்று மொழி பேசும் வரவேற்பு மேசையின் முன், கையில் பூட்டிய கைப்பேசியுடன் நிற்பதை எண்ணிப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது. அன்பும் அக்கறையும் நிறைந்த கணவர்களே பெரும்பாலும் இந்த நிலையை உண்டாக்குகிறார்கள். ‘அவளுக்கு ஏன் இந்தத் தொல்லை’ என்று எல்லாவற்றையும் தாமே சுமந்தவர்கள் அவர்கள்.

துணை இறந்துபோனால் என்ன ஆகும் என்பதைப் பேசத் தயங்கக் கூடாது. சார்ந்தவரின் தங்கல் அனுமதி முதன்மை விண்ணப்பதாரரின் அனுமதியில் தொங்குவதாக அமைந்த நாடுகளில், துக்கத்தின் நடுவே மீதமிருப்பவர் தம் பெயரில் புதிதாகத் தகுதி காட்ட வேண்டிவரும். டென்மார்க், அயர்லாந்து தவிர்த்த ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2015 ஆகஸ்ட் 17 முதல் நேரும் மரணங்களுக்கு, இறந்தவர் வழக்கமாக வசித்த நாட்டின் வாரிசுச் சட்டமே பொதுவாகப் பொருந்தும். தம் குடியுரிமை நாட்டின் சட்டம் பொருந்த வேண்டுமென்று உயிலில் எழுதிவைக்கும் உரிமையும் உண்டு. கிளம்புவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் செலவிடும் ஒரு மணி நேரம் வீணாகாது.

இவ்வளவையும் சரிசெய்யப் பெரிய ஏற்பாடுகள் வேண்டாம் என்பது ஆறுதலான செய்தி. வாரத்தில் ஒரு நாள் வேலைகளை இடம் மாற்றிக்கொண்டால் போதும். அன்று எப்போதும் வங்கிக்குப் போகிறவர் சமைக்கட்டும், எப்போதும் சமைக்கிறவர் வங்கிக்கும் மருந்துக்கடைக்கும் தனியாகப் போய் வரட்டும். முதல் தடவை தவறான பேருந்தில் ஏறி ஒரு மணி நேரம் தாமதமாகத் திரும்பலாம். உள்ளே இருப்பவர் அந்த ஒரு மணி நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இருந்தாலும் துணைக்குப் போகாமல் இருப்பது நல்லது. அடுத்த வாரம் அவர் சரியான பேருந்தில் ஏறுவார், மருந்துக்கடைக்காரர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்குவார். மொழி வகுப்பு, நடைக் குழு, நூலகம், வழிபாட்டிடம் ஆகியவற்றில் இருவரும் சேர்ந்து போவது ஒன்று என்றால், ஒவ்வொருவரும் தனியே போவது குறைந்தது ஒன்று இருக்கட்டும். அங்கே கிடைக்கும் ஓர் அறிமுகம், அவர் ‘இன்னாரின் மனைவி’ அல்லது ‘இன்னாரின் கணவர்’ என்ற அடையாளம் இல்லாமல் பெறும் முதல் உறவாக இருக்கும்.

திரும்பி வரும் முடிவைப் பற்றியும் புறப்படும் முன்பே பேசிவைத்துக்கொள்வது நல்லது. இருவரில் யாராவது ஒருவர் ‘போதும், போகலாம்’ என்றால் காரணம் கேட்காமல் மற்றவர் கிளம்ப வேண்டும் என்பதே நான் நியாயமாகக் காணும் ஒப்பந்தம். அதற்குத் திரும்பிப் போக ஓர் இடம் இருக்க வேண்டும். பூட்டிய வீட்டுக்கான காப்பீடு 30 அல்லது 60 நாளுக்கு மேல் ஆளில்லாவிட்டால் பல ஒப்பந்தங்களில் சுருங்கிவிடும் என்பதைக் கவனித்து, வாரம் ஒருமுறை யாரேனும் திறந்து பார்க்க ஏற்பாடு செய்துவிட்டு, குறைந்தது முதல் ஆண்டாவது சொந்த வீட்டை விற்காமல் வைத்திருப்பது நல்லது. வீட்டை விற்றுவிட்டு வந்தவர்களில், ஊருக்குப் போக வேண்டும் என்று இரவில் விழித்துக் கிடப்பவர் அதை வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறார். அந்த வீடு இருந்தால், மறுநாள் காலை மேசையில் அவர் அதைச் சொல்லிவிடுவார்.